பாரிஸ் போய்ச் சேராத முகூர்த்தம்

எங்கள் உறவினர் வீட்டுக் கலியாணங்களில் எனக்கு ஒரு வேலையும் தருவதில்லை. வாழைக்குலை கட்ட ஆள் தேடுவார்கள், சோடாப் பெட்டி இறக்க ஆள் தேடுவார்கள், ஐயரை ஏற்றிவர ஆள் தேடுவார்கள். நான் எழுந்தால் மட்டும், "நீ இரு ராசா, ஆறுதலாய் இரு" என்று அன்பாகக் கதிரையில் இருத்திவிடுவார்கள். ஒருமுறை பந்தலடியில் சுருண்டு கிடந்த ஒன்றைக் கால் தடக்காமல் ஓரமாகத் தள்ளிவைப்போம் என்று குனிந்தேன். நாலு பக்கமிருந்தும் "தொடாதை!" என்று கத்தினார்கள். (அது வயர்கூட இல்லை. உடுப்புக் காயப்போடும் கயிறு.)

இத்தனைக்கும் நான் சோறு தின்பதே வயரால்தான். கொழும்பில் ஒரு நிறுவனத்தின் நெட்வேர்க் பகுதியில் வேலை. அங்கே எந்த மாடியில் இணையம் நின்றாலும் முதலில் என்னைக் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரான கரம்பொனில் இணையம் நின்றால், தயா எங்கே நிற்கிறான், என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று முதலில் விசாரிப்பார்கள். எல்லாம் என் சித்தியின் மகள் தர்சினியின் கலியாணத்தால் வந்தது. இதைச் சொல்லாமலே காலத்தைக் கடத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் சொல்லாத குறையை மற்றவர்கள் தீர்த்துவைக்கிறார்கள், அதுவும் கையிலிருந்து கொஞ்சம் போட்டு. அதைவிட நானே சொல்வது நல்லது.

தர்சினிக்கு ஒரேயொரு அண்ணன், ரூபன். எனக்கும் அவர் அண்ணன்தான். என் அம்மாவும் சித்தியும் கூடப்பிறந்தவர்கள். தர்சினி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ரூபன் அண்ணா பாரிஸ் போனார். அங்கே அவருடைய அகதி வழக்கு முடிகிற பாடாக இல்லை. முடிவதற்கு முன் இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. சித்தப்பா இறந்தபோதும் அவர் வரவில்லை. செத்தவீட்டு வீடியோவை யாரோ கொண்டுபோய்க் கொடுத்து, எல்லாம் முடிந்து வெகுநாளைக்குப் பிறகுதான் தகப்பனின் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு தர்சினியின் படிப்பு, இந்த வீட்டின் கூரை, இந்தக் கலியாணம் எல்லாம் அவர் அங்கே ஒரு உணவகத்தின் குசினியில் நின்று பார்த்த வேலைதான்.

எங்கள் பக்கக் கலியாணத்தில் பெண்ணின் சகோதரனுக்குப் பெரிய இடம். மாப்பிள்ளைக்குத் தோழன் அவன்தான். மாப்பிள்ளையைப் போலத் தலைப்பாகை கட்டிக்கொண்டு போய் அவரை அழைத்துவர வேண்டும், வாசலில் காலைக் கழுவவேண்டும், மணவறையில் பக்கத்தில் இருக்கவேண்டும். தாலி கட்டிய பிறகு ஓமம் வளர்க்கும்போது, பெண்ணின் கையில் நெற்பொரியை அள்ளிக் கொடுக்கவேண்டியதும் அவன்தான். ரூபன் அண்ணா வரமுடியாதபடியால் அந்தத் தலைப்பாகை என் தலைக்கு வந்தது.

"நீ நிண்டால் நான் நிண்ட மாதிரித்தான் தயா," என்று போனில் சொன்னார். "ஆனா நான் பாக்கவேணும். தாலி கட்டுறதையும், நீ பொரி குடுக்கிறதையும் பாக்கவேணும். பிறகு வீடியோவிலை இல்லை. அந்த நேரத்திலையே பாக்கவேணும். உன்னாலை ஏலுமோ?"

"என்ன அண்ணா இப்பிடிக் கேக்கிறியள்? என்ரை தொழிலே அதுதானே. என்னட்டை விடுங்கோ."

என்னிடம் விட்டார். அது அவர் செய்த ஒரே பிழை.

சித்தி வீட்டில் இணைய லைன் கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டில், பரமேஸ் அக்காவிடம், நல்ல ஃபைபர் லைன் இருந்தது. பரமேஸ் அக்கா ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர். தாயோடு தினமும் முகம் பார்த்துக் கதைக்கவேண்டும் என்று லண்டனில் இருக்கிற மகள் போட்டுக் கொடுத்த லைன் அது. கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பு நான் ஊருக்கு வந்து இறங்கியதும் அவவே வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னா:

"தம்பி, என்ரை லைனிலை இருந்து ஒரு வயரை இழுத்துக் கமராக்காரற்றை லப்டொப்பிலை குத்திவிடும். காணும்தானே? மகளோடை ஒவ்வொரு நாளும் கதைக்கிறன், ஒருநாளும் நிண்டதில்லை."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என் கன்னத்தில் ஒன்று போடவேண்டும் போலிருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துக்கொண்டு சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"அக்கா, ஒரு வழியை மட்டும் நம்பி இருக்கேலாது. இப்ப பாருங்கோ, நீங்கள் யாழ்ப்பாணம் போறதெண்டால் மண்டைதீவுப் பக்கத்தாலை பஸ்ஸிலை போகலாம். றோட்டிலை ஏதும் பிரச்சினையெண்டால் ஊர்காவற்றுறையிலை படகு ஏறிக் காரைநகராலை சுத்திப் போகலாம். எந்த நேரம் எந்தப் பாதை நல்லதெண்டு நெட்வேர்க் தானாய்க் கண்டுபிடிச்சு மாறவேணும். நான் அப்பிடித்தான் செய்யப்போறன்."

"ஓம் தம்பி, விளங்குது," என்றா பரமேஸ் அக்கா. "ஆனா நான் எப்பவும் பஸ்ஸிலைதான் போறனான்."

நான் கேட்கவில்லை. கொழும்பிலிருந்து அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கிய ஒரு கேட்வே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்திருந்தேன். முகப்பு முழுக்கப் பச்சை விளக்குகள். ("மாப்பிள்ளைக்கோ?" என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.) அதைத் திரும்பவும் அப்படியே கொண்டுபோவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

கேட்வே என்பது வேறொன்றுமில்லை, ஒரு வீட்டு நெட்வேர்க்கின் வாசல் படலை. உள்ளே இருக்கிற போன், லப்டொப், ரீவி எல்லாம் வெளியுலகத்துக்குப் போவதானால் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். பரமேஸ் அக்கா வீட்டில் ஒரு படலை, அதன் வெளிவழி ஃபைபர். சித்தி வீட்டில் என் படலை, அதன் வெளிவழி நான் போட்ட ஒரு சிம். இரண்டுக்கும் இடையில் வேலிக்கு மேலால் ஒரு வயர். இரண்டு படலைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். என் பக்கம் திறந்திருக்கிறது, உன் பக்கம் எப்படி, சரி என் பக்கத்தால் அனுப்பு என்று தாங்களாகவே முடிவெடுக்கும். இதற்குத்தான் டைனமிக் ரூட்டிங் என்று பெயர். ஒரு ஆளும் கை வைக்கத் தேவையில்லை. நானும் அதைத்தான் விரும்பினேன். தோழனாக மணவறையில் இருக்கிறவன் இடையில் எழுந்துபோக முடியாதல்லவா?

அதுவரை சரி. பிழை எங்கே தொடங்கியது என்றால், எந்த வழிக்கு முதலிடம் என்பதில். அன்று பின்னேரம் கரண்ட் ஒருமுறை போய்வந்தது. பரமேஸ் அக்காவின் ரவுட்டரில் பற்றறி இல்லாததால் அதுவும் சேர்ந்து போய்வந்தது. என் பெட்டிக்குப் பற்றறி இருந்தது. இது ஒன்றே போதும் என்று என் பெட்டியைத் தலைவனாக்கிவிட்டேன். அவவுடைய ரவுட்டருக்குள்ளும் புகுந்து, அதன் சொந்த வழியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினேன். பற்றறி என்பது வெளியே சொன்ன காரணம். உண்மையான காரணம், ரூபன் அண்ணா தங்கையின் கலியாணத்தை என் பெட்டியின் ஊடாகப் பார்த்தார் என்று நாளைக்கு நாலு பேர் சொல்லவேண்டும் என்பது.

இன்னொன்றும் செய்தேன். என் பெட்டி தன் வழியை மற்றப் பெட்டிக்கு அறிவிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. முறையாகச் செய்வதென்றால், பெட்டி அடிக்கடி வெளியே எட்டிப் பார்த்து, இணையம் உண்மையிலேயே இருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகு மட்டும் அறிவிக்கும்படி அமைக்கவேண்டும். அதற்குக் கொஞ்சம் மினக்கெடவேண்டும். குறுக்குவழி ஒன்றும் இருந்தது. "எப்போதும் அறிவி" என்ற தெரிவு. வழி இருந்தாலும் இல்லாவிட்டாலும், "உலகத்துக்குப் போக என்னிடம் வாருங்கள்" என்று பெட்டி ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துச் சித்தி கூப்பிட்டா.

"தயா, டேய், தலைப்பாகை அளவு பாக்கவேணுமாம், வா."

"எப்போதும்" என்பதைத் தட்டிவிட்டு எழுந்து போனேன். தலைப்பாகை நன்றாகப் பொருந்தியது. கண்ணாடியில் பார்த்தேன், வடிவாகத்தான் இருந்தேன். திரும்பி வந்து மிச்ச வேலையைப் பார்க்கவில்லை.

பரிசோதனை செய்யாமல் இல்லை. கலியாணத்துக்கு முதல்நாள் ரூபன் அண்ணாவை வீடியோவில் கூப்பிட்டு, எல்லோரும் பார்த்திருக்க, பரமேஸ் அக்காவின் ஃபைபர் வயரைப் பிடுங்கினேன். படம் ஒரு துளிகூட ஆடவில்லை. "அட!" என்றார்கள். குகன் மாமா முதுகில் தட்டினார். என்னுடைய சிம்மைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். அதை நான் செய்யவில்லை. மற்றவர்களுடைய வழிதான் அடைபடும், என் வழி அடைபடும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

கலியாணத்தன்று காலை, பெட்டி இருந்த அறையைப் பூட்டித் திறப்பை வேட்டி மடிக்குள் செருகிக்கொண்டேன். பிள்ளைகள் யாரும் போய்த் தொட்டுவிடக் கூடாதே! பிறகு மாப்பிள்ளையை அழைத்துவர ஊர்காவற்றுறைக்குப் போனேன். அந்த இடைவெளியில் சித்தி ஒரு காரியம் செய்தா.

மாப்பிள்ளையோடு திரும்பி வந்து இறங்கி, செம்பும் தாம்பாளமுமாகக் குனிந்து அவருடைய காலில் தண்ணீர் ஊற்றத் தொடங்குகிறேன். பக்கத்து மேசையில் சந்தனம், குங்குமம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு. அதற்கு நடுவில் வாழையிலைக் கரைபோட்டு அழகாக ஒரு மட்டை. அதில் கொட்டை எழுத்தில் என் வைபையின் பெயரும் பாஸ்வேர்டும். பன்னீர் தெளித்த கையோடு பெண்கள் அதையும் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வந்த சனம் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பாஸ்வேர்டும் போட்டுக்கொண்டுதான் உள்ளே போயிருந்தது.

என் கையிலிருந்த தண்ணீர் மாப்பிள்ளையின் முழங்கால் வரைக்கும் போனது.

"சித்தி, உதை ஆர் இஞ்சை வைச்சது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"நான்தான். கனடாவிலையிருந்து, சுவிஸிலையிருந்து வந்த சனம் கேக்குதுகள். கலியாண வீட்டிலை வந்து கேக்கிறதை இல்லையெண்டு சொல்லேலுமே? நீதானே நேற்று எனக்குப் பாஸ்வேர்ட் தந்தனி?"

ஓம், நான்தான் தந்தேன். சித்திக்கு என்று தந்தேன். எங்கள் கலியாண வீடுகளில் எதையாவது ஒருவருக்கு மட்டும் என்று கொடுக்கமுடியும் என நான் நம்பியதைத்தான் குறைசொல்ல வேண்டும். இருந்தாலும் நான் அவ்வளவாகப் பதறவில்லை. மிஞ்சிப்போனால் என்ன, என் சிம்மில் டேட்டா முடியும். முடிந்தால் ஃபைபருக்கு மாறும். அதற்குத்தானே எல்லாம் செய்துவைத்திருக்கிறேன் என்று தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு மணவறைக்குப் போய் இருந்தேன்.

மணவறைக்கு நேரெதிரே பெரிய ரீவி. அதில் ரூபன் அண்ணா. பாரிஸில் அப்போதுதான் விடிகிறது. அவரும் பட்டு வேட்டி, சால்வை. அவரும் தலைப்பாகை! எங்கே தேடிப் பிடித்தாரோ தெரியாது. பின்னால் சித்தப்பாவின் படம், அதற்குப் பூமாலை. மடியில் ஒரு சின்னத் தட்டு நிறையப் பொரி.

"தயா, நீ பொரி போடேக்கை நானும் போடுவன்," என்றார் ரீவிக்குள் இருந்து. "எனக்கு ஒரு கண்காட்டு, என்ன?"

பந்தலே சிரித்தது. சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தா. எனக்கோ என் பெட்டியை நினைத்துப் பெருமை வந்தது. 

கூறைச் சேலை கொடுத்தாயிற்று. தர்சினி உள்ளே போய்க் கூறை உடுத்துக்கொண்டு வந்தாள். அவள் மணவறையில் ஏறுகிற நேரத்தில் ரூபன் அண்ணா எதையோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றுவிட்டார். ஒரு கண் மூடி, ஒரு கண் பாதி திறந்து, வாய் ஆவென்று.

"பாவம் பெடியன், தங்கச்சியைப் பாத்து அழுறான்," என்றா முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா.

"அழேல்லையடி, கொட்டாவி விடுறான்," என்றா பக்கத்தில் இருந்தவ.

டேட்டா முடிந்துவிட்டது என்று எனக்கு உடனே விளங்கியது. பரவாயில்லை, இதோ மாறும். பொறுத்தேன். இப்போது மாறும். இன்னும் பொறுத்தேன். ரூபன் அண்ணாவின் வாய் மூடவில்லை. அப்போதுதான் "எப்போதும்" என்று நான் தட்டிவிட்டது ஞாபகம் வந்தது. உள்ளே பூட்டிய அறையில், ஒரு சொட்டு இணையம் இல்லாமல், பச்சை விளக்குகளோடு அந்தப் பெட்டி "என்னிடம் வாருங்கள், என்னிடம் வாருங்கள்" என்று கூவிக்கொண்டிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் நல்ல ஃபைபர் சும்மா கிடக்கிறது. அந்த வீட்டு ரவுட்டரும் என் பெட்டியின் சொல்லை நம்பித் தன் சனத்தையும் இந்தப் பக்கமே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அப்படி நம்பும்படி அதற்குச் சொல்லிக்கொடுத்தவன் தலைப்பாகையோடு மணவறையில் இருக்கிறான். திறப்பு அவன் மடியில்.

பந்தல் கம்பத்தடியில் குகன் மாமா நின்றார். அவரைப் பார்த்து, வயரைப் பிடுங்குவது போலக் கையால் வெடுக்கென்று இழுத்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனார். மூடி உடைத்த சோடாவோடு வந்தார். நான் இல்லை இல்லை என்று தலையாட்டி, திரும்பவும் இரண்டு கையாலும் பிடுங்கிக் காட்டினேன். விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

"தம்பி," என்றார் ஐயர், மந்திரத்தை நிறுத்தாத குரலிலேயே. "நீர் தோழன். ஆடாமல் இரும்."

ஆடாமல் இருந்தேன். இதுதான் இன்றைக்கும் என்னால் ஆறமுடியாத இடம். ரூட்டிங்கில் பிழை விடுவது யாருக்கும் நடக்கும். பெரிய பெரிய ஆட்களும் விட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் நான் எழுந்து ஓடியிருக்கலாம். தோழன் எழுந்தால் கலியாணம் நின்றுவிடாது. ஐயர் முறைத்திருப்பார், சனம் சிரித்திருக்கும், அவ்வளவுதான். நான் எழும்பவில்லை. வெட்கம். நேற்று எல்லோருக்கும் முன்னால் வித்தை காட்டியவன், இன்று எல்லோருக்கும் முன்னால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுவதா என்ற வெட்கம். ரூபன் அண்ணாவின் இடத்தில் இருந்துகொண்டு, ரூபன் அண்ணாவுக்காக எழும்பாமல் இருந்தேன்.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியைக் கட்டினார். சனம் பூவும் அரிசியும் எறிந்தது. அதில் கொஞ்சம் ரீவியில் பட்டு, திறந்த வாயோடு இருந்த ரூபன் அண்ணாவின் முகத்தின் மேல் வழுகி விழுந்தது.

ஓமம் வளர்த்தார்கள். பொரித் தட்டு என் கைக்கு வந்தது. தர்சினி கைகளை ஏந்தினாள். நான் அள்ளி வைக்கும்போது, உதடு அசையாமல் கேட்டாள்:

"அண்ணா ஏன் அசையேல்லை?"

லைன் அறுந்துவிட்டது, நான்தான் கெடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

"அவருக்கு அங்கை எல்லாம் தெரியுது. எங்களுக்குத்தான் படம் நிண்டிட்டுது."

அவள் அதை நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை. கமராவின் பக்கம் மெல்லத் திரும்பி, பொரி நிறைந்த கைகளைச் சற்று உயர்த்தி, அண்ணா வடிவாகப் பார்க்கட்டும் என்று கொஞ்சநேரம் அப்படியே பிடித்தாள். சிரித்தாள். பிறகுதான் நெருப்பில் போட்டாள். ஐயரும் பொறுத்தார். எனக்கு ஓமப் புகை கண்ணில் பட்டதாக எல்லோரும் நினைத்தார்கள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ஐயா, ஒருக்கால்" என்றேன். ஐயர் என் முகத்தைப் பார்த்து வேறு ஏதோ அவசரம் என்று விளங்கிக்கொண்டு, "கெதியாய்ப் போயிட்டு வாரும்" என்றார். ஒரு கையில் தலைப்பாகை, ஒரு கையில் வேட்டி. ஓடினேன். அறையைத் திறந்தேன். முதலில் சிம்மைப் பிடுங்கினேன். வெளிவழியே இல்லாமல் போனால் இந்தப் பெட்டி வாயை மூடும் என்று ஒரு நப்பாசை. அதுவோ பச்சை விளக்கோடு, இன்னும் உற்சாகமாக, தன்னிடம் வரச்சொல்லிக்கொண்டே இருந்தது. "எப்போதும்" என்றால் எப்போதும்தான்.

யன்னலுக்கு வெளியே, வேலிக்கு மேலால் பரமேஸ் அக்காவின் தலை தெரிந்தது. கலியாணச் சேலையோடு வீட்டுக்கு ஓடிவந்து பார்த்திருக்கிறா.

"தம்பி, என்ரை வீட்டிலையும் ஒண்டும் வேலை செய்யேல்லை. மகளும் லண்டனிலை காத்துக்கொண்டு இருக்கிறாள். என்ன செய்தனீர்?"

 வேலியால் வந்த வயரை என் பெட்டியிலிருந்து பிடுங்கினேன். என் சத்தம் நின்றதும் அவவுடைய ரவுட்டர் தன் சொந்த வழிக்குத் திரும்பியிருக்கும். அந்த வயரைப் பந்தல் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போய், நேரே கமராக்காரரின் லப்டொப்பில் குத்தினேன். பரமேஸ் அக்கா முதலிலேயே சொன்ன வேலை. எனக்கு மூச்சு வாங்குவதற்குள் படம் வந்துவிட்டது.

மேளம் ஓய்ந்திருந்த நேரம். ஒலிபெருக்கியில் ரூபன் அண்ணாவின் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது.

"ஆ, இப்பதான் அசையுது. இவ்வளவு நேரமும் தயாவைத்தானே காட்டிக்கொண்டு நிண்டியள்? அம்மா, தங்கச்சி கூறை மாத்தி வந்திட்டாளோ? தாலி எப்ப கட்டுறது?"

 சித்திதான் ரீவிக்குக் கிட்டப் போனா.

"கட்டியாச்சு ராசா."

அவர் திரையைப் பார்த்தபடி இருந்தார். மடியில் தட்டு, அதில் பொரி வைத்தது வைத்தபடி. பிறகு தலைப்பாகையைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டார்.

"ஓ... கட்டியாச்சோ. நல்லது, நல்லது. வடிவாய் முடிஞ்சுதோ அம்மா?"

நான் மணவறைக்குத் திரும்பிப் போனேன். தர்சினி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கமராவுக்கு முன்னால் கையை உயர்த்திப் பிடித்தது ஞாபகம் வந்து, வெட்கப்பட்டவள் போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். வெட்கப்பட வேண்டிய நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

பின்னேரம் ரூபன் அண்ணாவே எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணா, என்ரை பிழை," என்று தொடங்கினேன்.

"விடடா. நான் முதலிலை என்ன நினைச்சனான் தெரியுமோ? உன்ரை முகம் அப்பிடியே நிண்டுது. ஐயர் இவனை ஆடாமல் இருக்கச் சொல்லியிருப்பாராக்கும் எண்டு நினைச்சன். நல்ல பெடியன், சொன்னபடி கேட்டு இருக்கிறானெண்டு."

சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"எதையும் அமத்திப் பாக்கலாமெண்டால் பயம்," என்றார் பிறகு. "அமத்தினால் லைன் அறுந்திடுமோ எண்டு. தண்ணி குடிக்கவும் எழும்பேல்லை. அந்த நேரம் பாத்துக் கட்டிப்போட்டால்?"

தாலி கட்டி, ஓமம் முடியும்வரை, பாரிஸில் ஒரு அறையில் தலைப்பாகையோடு ஒரு மனிதர் அசையாமல் இருந்திருக்கிறார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு. உலகத்தில் எத்தனையோ நல்ல முகங்கள் இருக்கின்றன.

கலியாண அல்பம் வந்தது. கமராக்காரர் கெட்டிக்காரர், எல்லாப் படத்திலும் ரீவி தெரியும்படி எடுத்திருந்தார். தாலி கட்டும் படத்தில் ஒரு கண் மூடி வாய் திறந்த ரூபன் அண்ணா. மாலை மாற்றும் படத்திலும் அதே கண், அதே வாய். பெரியவர்கள் அரிசி போடும் படத்திலும் அவர்தான். பார்க்க வருகிறவர்கள் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறுகிறார்கள். எங்கள் வீட்டில் யாராவது, "எனக்கு எல்லாம் தெரியும், என்னட்டை விடுங்கோ" என்று தொடங்கினால் போதும், சித்தி உடனே, "தயான்ரை பெட்டி கதைக்குது" என்பா. தர்சினியின் புருஷன்கூட இப்போது அதைச் சொல்லப் பழகிவிட்டார். கார் ஓட்டும்போது தர்சினி வழி சொன்னால், "உது தயான்ரை பெட்டி" என்கிறாராம். நானும் கூடச் சிரிக்கிறேன். சிரிக்காமல் இருந்தால் கதை இன்னும் நீளும்.

எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரிக்கிறவர் ரூபன் அண்ணாதான். வழக்கு இன்னும் முடியவில்லை. தர்சினிக்குக் குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த அன்றும் போன் எடுத்தார், யாரோ பெட்டிக் கதையைத் தொடங்க, சோற்றுப் பானை உருண்ட மாதிரிச் சிரித்தார். "அண்ணா, வீடியோவைப் போடுங்கோ, மருமகனைக் காட்டுறன்," என்று தர்சினி கேட்டாள். இப்போது சித்தி வீட்டிலும் ஃபைபர் இருக்கிறது. பெட்டி ஒன்றும் இல்லை, ஒரே ஒரு வயர்.

"வேண்டாம் பிள்ளை, படம் எடுத்து அனுப்பிவிடு, பிறகு ஆறுதலாய்ப் பாக்கிறன்," என்றார்.

கலியாணத்துக்குப் பிறகு அவர் ஒருநாளும் வீடியோவில் வந்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்பதில்லை, நான் கேட்கவே மாட்டேன். அவர் என்னை நினைத்து எவ்வளவு நன்றாகச் சிரிக்கிறார் என்பதை நான் கேட்டிருக்கிறேன். பார்த்ததில்லை.